எதிரி படித்துவிடுவானாம்!

நாட்டுக்கு என்னென்ன ஆபத்து, அவற்றை எப்படி எதிர்கொள்வோம் என்று சொல்லும் தேசியப் பாதுகாப்புக் கோட்பாட்டை இந்தியா எழுதி வெளியிட வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், "எழுதினால் எதிரி படித்துவிடுவான்" என்று உடனே ஒரு பதில் வரும். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

படிக்கட்டுமே. எதிரி படிப்பதற்கென்றே எழுதப்படும் வரிகளும் உண்டு. 2003 ஜனவரியில் இந்தியா தன் அணு ஆயுதக் கோட்பாட்டின் சாரத்தைப் பத்திரிகைக் குறிப்பாகவே வெளியிட்டது. முதலில் பயன்படுத்த மாட்டோம்; எங்கள் மீது பயன்படுத்தினால் பதிலடி மிகப் பெரிதாக இருக்கும்; உத்தரவிடும் அதிகாரம் அரசியல் தலைமைக்கே. இருப்பதிலேயே ரகசியமான ஆயுதத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிந்த நாடு, ஒட்டுமொத்தப் பாதுகாப்புக்கான ஆவணம் ஒன்றை வெளியிட்டதில்லை. விமானங்கள் எங்கே நிற்கின்றன, உளவாளி யார் என்பதையெல்லாம் யாரும் கோட்பாட்டில் எழுதச் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், இந்த ஆவணத்தின் முதல் வாசகர் சொந்த நாட்டு அதிகாரிதான். 2017 ஜூன் 27 அன்று நடந்ததைப் பாருங்கள். நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் உக்ரைனைக் குறிவைத்து ஏவப்பட்டது. ஆனால் டென்மார்க்கின் சரக்குக் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் கணினிகள் முடங்கி, நியூ ஜெர்சி துறைமுக வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மும்பையை அடுத்த நவசேவா துறைமுகத்திலும் ஒரு சரக்கு முனையம் பாதிக்கப்பட்டது. அந்த முனையத்தின் பொறுப்பாளர் யாரைக் கூப்பிடுவார்? காவல்துறையையா, கடற்படையையா, கணினி பழுது பார்ப்பவரையா? இது குற்றமா, போரா? ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பகிரங்கமாகச் சொன்னது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை லாரி ஓட்டுநர் காத்திருக்க முடியாது. யார் முடிவெடுப்பது, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கோட்பாட்டின் பாதி வேலை.

எழுதாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் ரகசியம் அல்ல, நாற்காலி என்பது என் சந்தேகம். எழுதினால் எந்தத் துறைக்கு யார் தலைவர் என்று தீர்க்க வேண்டிவரும். ஜெர்மனி தன் முதல் பாதுகாப்பு உத்தியை 2023 ஜூனில்தான் வெளியிட்டது. தேசியப் பாதுகாப்பு மன்றம் அமைத்தால் அது யார் கையில் இருப்பது என்ற இழுபறியில் தாமதமாகி, கடைசியில் அப்போது மன்றமே அமையவில்லை; 2025இல்தான் அமைந்தது.

அடுத்தது பணம். ஜப்பான் 2022 டிசம்பரில் தன் உத்தியைத் திருத்தியபோது, 2027ஆம் நிதியாண்டுக்குள் பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக்க இலக்கு வைத்தது. தொகை இல்லாத கோட்பாடு வெறும் மேடைப் பேச்சு. எல்லா ஆபத்தையும் சம முக்கியத்துவத்துடன் பட்டியலிடும் ஆவணமும் அப்படித்தான். எதை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறோம் என்று சொல்லத் துணியாதவர்கள் பேனாவை எடுக்காமலே இருக்கலாம்.

ஸ்வீடன் 2024 நவம்பரில் வீடு வீடாக ஒரு கையேட்டை அனுப்பியது. குடிநீர், உணவு, போர்வை, பேட்டரியில் ஓடும் வானொலி, கொஞ்சம் ரொக்கம் என்று வீட்டில் இருக்க வேண்டியவற்றை அது சொல்கிறது. கூடவே இன்னொன்றையும்: நாடு தாக்கப்பட்டால் சரணடைய மாட்டோம், சரணடைந்துவிட்டதாக வரும் எந்தச் செய்தியும் பொய். இது ராணுவத் தளபதிக்கு எழுதிய வரி அல்ல. சமையலறையில் வானொலியைத் திருகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எழுதியது. அந்தக் கையேடு இணையத்தில் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது, எதிரி உட்பட.