ஒன்றரை மடங்கு வேகத்தில் ‘வீடு’

இரண்டு நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘வீடு’ படத்தை ஒரு தம்பி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தாராம், அப்படியும் தாங்க முடியவில்லையாம், இதற்கா இவ்வளவு பில்டப் என்று கேட்டிருந்தார்.

பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் கட்சி. ஓட்டிவிட்டார், அவ்வளவுதான்.

1988-இல் வந்த படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், வேலைக்குப் போகும் சுதா சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். லோன், காண்ட்ராக்டர், களவு போகும் சிமெண்ட் மூட்டை என்று பணமும் நாளும் கரைந்துகொண்டே இருக்கும். வீடு எழும்பும் வேகத்தில்தான் படமும் நகரும். அதையும் விரட்டினால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

சுதாவின் தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர் வரும் அந்த ஒரு காட்சி போதும். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருவார். சுவரைக் கையால் தடவுவார். இளையராஜாவின் இசை கூடவே வரும்.

எங்கள் அப்பா வீடு கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. விடியற்காலையில் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார், புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற. நான் தொட்டியில் மொண்டு கொடுப்பேன். ஊற்றி முடித்ததும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஈரம் பார்ப்பார். ஈரம் தெரிந்த பிறகும் கையை எடுக்க மாட்டார். பிறகொரு நாள் டிவியில் ‘வீடு’ போட்டார்கள். தாத்தா சுவரைத் தொட்டதும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

பூமர், பழசையே தூக்கிப் பிடிக்கிறாய் என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். சரி, ‘கூழாங்கல்’ எந்தக் காலத்துப் படம்? 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அப்பனும் மகனும் கொதிக்கிற வெயிலில் நடக்கிறார்கள், நமக்குக் கால் சுடுகிறது. அதையும் ஓட்டுவீர்களா? ‘கடைசி விவசாயி’யில் நல்லாண்டி ஐயாவின் நடையை வேகமாக ஓட்டிப் பாருங்கள், சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருக்கும். நீங்கள் கொண்டாடும் வெற்றிமாறன் தொழில் கற்றது யாரிடம்? ‘வீடு’ எடுத்த அதே பாலு மகேந்திராவிடம்தான்.

வேலைக்குப் போய்வந்து யாருக்கு நேரம் இருக்கிறது என்பார்கள். நேரம் இருக்கிற நாளில் பாருங்கள், யார் துரத்துகிறார்கள்? பிரிண்ட் மங்கல் என்றால் அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். நெகட்டிவே போய்விட்டது என்று பாலு மகேந்திராவே வருந்தியிருக்கிறார். தப்பித்து நம் கைக்கு வந்த அந்த மங்கல் பிரதியைத்தான் ஓட்டித் தள்ளுகிறோம்.

அந்தத் தம்பிமேல்கூட எனக்குக் கோபம் இல்லை. சின்னப் பையன். ஆனால் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் நான்கு பேர் என் நண்பர்கள். அதில் ஒருவர் அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்தவர். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொல்லச் சொல்ல என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.