ஆமாம், துணி மூட்டைதான்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்லப் போகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். கூட்டத்தில் நான் போட்ட காணொளியைக் கிண்டலடித்து நம் தோழர் ஒருவர் எழுதிய ‘துணி மூட்டை அழகியல்’ என்ற அந்தப் பதிவை எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், “பாத்தீங்களா?” என்ற அக்கறையோடு. பார்த்தேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கொரியக் கலைஞர் கிம்சூஜாவின் ‘ஊசிப் பெண்’ காணொளியைத் திரையில் போட்டேன். சாம்பல் நிற உடுப்பு, பின்னால் கட்டிய கூந்தல், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நடுத்தெருவில் நிற்கிறார். டோக்கியோ, ஷாங்காய், டெல்லி, நியூயார்க், மெக்சிகோ சிட்டி, கெய்ரோ, லாகோஸ், லண்டன். எட்டு ஊர், 1999-இலிருந்து 2001 வரை எடுத்தது. ஜனம் அவரைச் சுற்றி ஒதுங்கிப் போகிறது. சிலர் திரும்பி முறைக்கிறார்கள். அவர் அசைவதே இல்லை. ஆறரை நிமிடம், ஒலி கிடையாது. முதல் நிமிடத்திலேயே பின்வரிசையிலிருந்து “மேடம், சவுண்ட் வரல.” கொஞ்ச நேரம் கழித்து “இந்தம்மா எப்ப திரும்பும்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அதுவரை ஒரு வருத்தமும் இல்லை.

அப்புறம் நம் தோழர் எழுந்தார். “உலகம் பத்தி எரியுது. ஒருத்தர் முதுகைக் காட்டிட்டு நிக்கிறாங்க. இன்னொரு படத்துல மூட்டை கட்டி லாரி மேல உக்காந்திருக்காங்க. இதுல என்னம்மா அரசியல் இருக்கு?” கைத்தட்டல். தட்டிய கைகளில் பாதி, பத்து நிமிடம் முன்னால்தான் நான் வாங்கிவந்த மசால்வடையை எடுத்தவை. சரி, அது வேறு கதை.

என்ன அரசியல் என்று கேட்டீர்கள் தோழர். அன்றைக்குப் பதில் சொல்ல விடவில்லை, நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டீர்கள். இங்கே யாரும் மைக்கை வாங்க முடியாது, அதனால் சொல்கிறேன்.

1980 மே மாதம் தென் கொரியாவின் குவாங்ஜூ நகரத்தில் ராணுவம் தன் சொந்த மக்களையே சுட்டது. இது உங்களுக்குத் தெரியும், நீங்களே மேடையில் பேசியிருக்கிறீர்கள். 1995-இல் அதே ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான குவாங்ஜூ பியன்னாலே முதல்முறையாக நடந்தபோது, கிம்சூஜா இரண்டரை டன் பழைய துணியைக் கொண்டுவந்து மண்ணில் பரப்பினார். அங்கே இறந்தவர்களுக்கான படையல் அது. யாரோ உடுத்திக் கழித்த சட்டைகள், பாவாடைகள். பார்க்க வந்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள். ஒரு முழக்கம் இல்லை, ஓங்கிய முஷ்டி இல்லை. ஆள் இல்லாத துணி, அவ்வளவுதான். சவக்கிடங்கில் உறவுக்காரரின் துணியை அடையாளம் காட்டச் சொல்லி நின்றிருக்கும் எவருக்கும் அது போதும். கத்தவில்லை என்பதற்காகப் பேசவில்லை என்று ஆகிவிடாது.

அந்த லாரிக்கு வருகிறேன். 1997-இல் மூட்டைகளை ஏற்றிய லாரியில் 11 நாள், 2727 கிலோமீட்டர், தான் வாழ்ந்த ஊர்கள் வழியாகக் கொரியா முழுக்கப் போனார். அப்பா ராணுவத்தில் இருந்ததால் வட, தென் கொரிய எல்லையை ஒட்டி ஊர் ஊராக மாறி வளர்ந்த பிள்ளை அவர். மூட்டை கட்டுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்த வருடக் கடைசியில்தான் கொரியா கடனில் மூழ்கி சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. 1999-இல் வெனிஸில் மூட்டை லாரியை ஒரு பெரிய கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, கொசோவோ போரில் துரத்தப்பட்டவர்களுக்கு அதைக் காணிக்கை ஆக்கினார். 2007-இல் பாரிஸில் இன்னொரு மூட்டை லாரி போய்ச் சேர்ந்த இடம் சான் பெர்னார் தேவாலயம். ஆவணமில்லாத குடியேறிகள் தஞ்சம் புகுந்திருந்து, 1996-இல் போலீஸ் உள்ளே புகுந்து வெளியேற்றிய அதே தேவாலயம். இன்னும் என்ன அரசியல் வேண்டும்? கொடியும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டுமா?

கொரிய மொழியில் அந்த மூட்டைக்குப் பெயர் பொத்தாரி. ‘பொத்தாரி கட்டிவிட்டாள்’ என்றால், ஒரு பெண் வீட்டை விட்டு, குடும்பத்தை விட்டுக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தமாம். நம் ஊரில் ‘மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா’ என்போமே, அதேதான். அவர் கட்டுவது புதுத்துணியும் இல்லை. கல்யாணமான ஜோடிக்குச் சீராகத் தரும் பட்டுப் போர்வை உறைகள், சிவப்பும் பச்சையுமாக, நீண்ட ஆயுள், நிறைய பிள்ளைகள் என்று வாழ்த்துப் பூவேலை செய்தவை. யாரோ படுத்து, பிள்ளை பெற்று, நோயில் கிடந்து, வேண்டாம் என்று எறிந்தவை. 1983-இல் அம்மாவோடு உட்கார்ந்து இப்படி ஒரு போர்வை உறை தைத்துக்கொண்டிருந்தபோது, ஊசி துணிக்குள் இறங்கிய அந்தக் கணத்தில்தான் தன் வழி கிடைத்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஓவியம் படித்தவர். அதற்கப்புறம் தூரிகையை வைத்துவிட்டு, இறந்துபோன பாட்டியின் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார். காணொளி, கண்ணாடி, களிமண், வெளிச்சம் என்று எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. நடுத்தெருவில் நிற்கும்போது அந்த உடம்புதான் ஊசி, ஜனக்கூட்டம்தான் துணி. இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். மைக்.

என் கதை ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ராத்திரி தண்ணீர் வாசற்படி ஏறியபோது, நானும் அண்ணனும் டிவியைத் தூக்கலாமா, ஃப்ரிட்ஜைத் தூக்கலாமா என்று கத்திக்கொண்டிருந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டிலில் கிடந்த பெட்ஷீட்டை உருவித் தரையில் விரித்தார். ரேஷன் கார்டு, எங்கள் சர்டிபிகேட், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், சுகர் மாத்திரை டப்பா, இரண்டு புடவை, எனக்கு ஒரு நைட்டி. எதிரெதிர் முனைகளை இழுத்து ஒரு முடிச்சு, மற்ற இரண்டு முனைக்கு மேலே இன்னொரு முடிச்சு. முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி அதன்மேல்தான் தலைவைத்துப் படுத்தோம். டிவி போய்விட்டது. அம்மாவிடம் நீங்கள் அன்று வந்து ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். உங்களையும் மேலே ஏறச் சொல்லியிருப்பார்.

இப்போதே பின்னூட்டங்கள் என் காதில் விழுகின்றன. ‘நாங்க தினம் கட்டுற மூட்டை, அவங்க கட்டினா கலையா?’ ஆமாம், தினம் கட்டுகிறோம், ஒருநாளாவது நின்று பார்த்தோமா? அதற்குத்தான் அவர் கட்டி வைக்கிறார். ‘பணக்கார மியூசியக் கலை’ என்பார்கள். இது நியாயமான கேள்வி. 2024-இல் பாரிஸில் ஆடம்பரப் பொருள் வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஒருவரின் அருங்காட்சியகத்தில், வட்ட மண்டபத்தின் தரை முழுக்கக் கண்ணாடி பதித்தார். அகதியின் மூட்டையும் அந்தக் கூரையும் எப்படி ஒத்துப்போகும் என்றால், என்னிடம் முழுப் பதில் இல்லை. எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லையே தோழர். நீங்கள் கேட்டது ‘தையல் வேலையெல்லாம் எப்ப சார் கலை ஆச்சு’ என்று. பதிவில் மூன்றாவது பத்தி. பெண்கள் ஊசி எடுத்தால் கைவேலை, ஆண்கள் உளி எடுத்தால் சிற்பம்.

இன்னொருவர் ‘நின்றால் போர் நின்றுவிடுமா’ என்று கேட்டிருக்கிறார். நிற்காது. உங்கள் கவிதைத் தொகுப்பால் எந்தப் போர் நின்றது? 2005-இல் அவர் அதே ஊசிப் பெண்ணை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நேபாளத்தின் பாட்டன், ஹவானா, ரியோ, சாட் நாட்டின் ஞாமேனா, ஏமனின் சனா, ஜெருசலேம். அப்போது நேபாளத்தில் உள்நாட்டுப் போர். அந்தத் தெருக்களில், முன்னால் வருபவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஓடாமல் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம். 2012-இல் சாண்டி புயலில் நியூயார்க்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தவர், மறுவருடம் வெனிஸில் ஒரு முழு இருட்டறை கட்டினார். எதிரொலிகூட இல்லாத அறை, உங்கள் மூச்சு மட்டும் கேட்கும். 2020-இல் உலகமே கதவைச் சாத்தியிருந்தபோது ஸ்வீடனில் ஆளி விதை விதைத்தார். அந்தச் செடியின் நாரில்தான் ஓவியத்துணி, அதன் விதையில்தான் வண்ணம் குழைக்கும் எண்ணெய். ஓவியத்தையே மண்ணில் விதைத்துவிட்டார். கெட்ட காலத்தில் அவர் செய்வது இவ்வளவுதான், நிற்பார், கட்டுவார், விதைப்பார். கத்தவில்லை என்பதற்காகப் பேசவில்லை என்று ஆகாது. இரண்டாம் முறை சொல்கிறேன், தெரிந்துதான்.

என் கோபம் கிம்சூஜாவுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அவருக்கு என் வக்காலத்து தேவையும் இல்லை. ஆறு வருடமாக நாற்காலி போட்டு, புரொஜெக்டர் வயர் தேடி, வடை வாங்கி வந்தவள் முதல்முறையாகப் பேச எழுந்தேன். பதினைந்து நிமிடம் கேட்டேன், ஒன்பதுதான் கிடைத்தது. அதில் ஆறரை அந்தக் காணொளி. மீதி இரண்டரை நிமிடத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம்கூடப் பதிவில் இல்லை. என் பெயரும் இல்லை, ‘ஒரு பெண்மணி’ என்று இருக்கிறது. கிம்சூஜா குடும்பப் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதிக்கொண்டவர். ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா, எந்த நாடு என்று எதுவும் தெரிய வேண்டாம் என்று அவரே எடுத்த முடிவு அது. என் பெயரை எடுத்தது நான் இல்லை.

அடுத்த மாதமும் புரொஜெக்டர் என் வீட்டில்தான் இருக்கிறது. யமுனைக் கரையில் எடுத்த ‘சலவைப் பெண்’ போடுகிறேன், 2000-ஆம் வருடத்துப் படம். பக்கத்தில் சுடுகாடு. எரித்ததில் மிச்சமும் பூவும் மிதந்து வருகின்றன, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நிற்கிறார். ஒரு கட்டத்தில் ஆறு நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று குழம்பிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பத்தரை நிமிடம். சவுண்ட் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். அந்தம்மா திரும்ப மாட்டார். வடை அவரவர் வாங்கி வரவும்.