கிளீனர் ஊற்றினால் எல்லா எஞ்சினிலும் வால்வு சுத்தமாகுமா?

“பெட்ரோல் டேங்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றினால் போதும், எந்த எஃப்ஐ (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும்) எஞ்சினாக இருந்தாலும் இன்டேக் வால்வில் (காற்றை உள்ளே விடும் வால்வு) படிந்த கரி கரைந்துவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

போர்ட் இன்ஜெக்‌ஷனில், இன்ஜெக்டர் மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில்) உட்கார்ந்து, 3–4 பார் அழுத்தத்தில் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும். வால்வு தினமும் பெட்ரோலில் குளிக்கிறது. அதில் கலந்த கிளீனரும் வேலை செய்யும். நம் எஃப்ஐ பைக்குகள் இந்த ரகம்தான்.

டிஎஸ்ஐ (TSI), ஜிடிஐ (GDI) என்று பெயர் போட்ட, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை வேறு. அங்கே 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து) வரும் ஆயில் ஆவி மட்டும் அதில் படிந்து, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கருகிக் கெட்டியாகும். டேங்கில் என்ன ஊற்றினாலும் இன்ஜெக்டர் முனை சுத்தமாகலாம், இந்தக் கரி அசையாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சித்தான் எடுக்கிறார்கள். கொஞ்சம் செலவு பிடிக்கும் வேலைதான்.

டொயோட்டா டி-4எஸ் எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரும் உண்டு. அதனால் அங்கே வால்வு கழுவப்படுகிறது.