நோலன் ரயனின் 383: விதி தந்த சலுகை அல்ல
1973ஆம் ஆண்டு பேஸ்பால் பருவத்தில் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் பிட்சர் (பந்துவீச்சாளர்) நோலன் ரயன் எடுத்த 383 ஸ்ட்ரைக்அவுட்டுகள் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்வது), அவ்வாண்டு அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அறிமுகமான மாற்று பேட்டர் விதியால் எளிதாகக் கிடைத்தவை என்று ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை இதற்கு நேர்மாறானது. அந்த விதி, பேட்டிங்கில் மிகவும் பலவீனமான பிட்சரை பேட்டிங் வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, அவருக்குப் பதில் தேர்ந்த பேட்டர் ஒருவரை நிறுத்துகிறது. 1965இல் மற்றொரு லீக்கான நேஷனல் லீக்கில் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் 382 எடுத்துச் சாதனை படைத்தபோது எதிரணிப் பிட்சர்களும் பேட் பிடித்தார்கள். ரயனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பேட் செய்யும் முறை வரும்போது பிட்சரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றி வேறொருவரை அனுப்பும் தேவை இல்லாததால், ரயன் நெடுநேரம் பந்துவீச முடிந்தது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ரயன் அப்பருவத்தில் வீசியது 326 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது). கோஃபாக்ஸ் வீசியதோ ஏறத்தாழ 336. குறைவாக வீசியே ரயன் அவரை முந்தினார். அந்தப் பருவத்தில் தாம் வீசிய கடைசி ஆட்டத்தில், மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிராக, சாதனையை முறியடிக்க 16 தேவைப்பட்ட நிலையில் களமிறங்கிய அவர், 11ஆவது இன்னிங்ஸில் ரிச் ரீஸை வீழ்த்தித்தான் 383ஐ எட்டினார். அத்தகைய உழைப்பைச் சலுகை என்று சொல்வது அநியாயம்.

அதே பதிவில் இது "எக்காலத்துக்குமான சாதனை" என்றிருப்பதும் திருத்தப்பட வேண்டும். 1886இல் மேட் கில்ராய் என்ற பிட்சர் 513 எடுத்தார். அப்போது பந்துவீசும் தூரம் குறைவு. எனவே 1900க்குப் பிந்தைய சாதனை என்பதே சரி.