எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அது ஒரு குறையும் கிடையாது

என் புதிய வங்கி அட்டை இந்த வாரம் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போய்விட்டது. ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய இந்தச் சிற்றூரில், இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஒரு மாத வாடகையும் தவறியதில்லை. நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் என் பெயர் முறைப்படி இருக்கிறது. ஆனாலும் அஞ்சல்காரர் வாசல் வரை வந்து, வரிசையாக இருக்கும் பதினான்கு பெட்டிகளையும் பார்த்துவிட்டு, இந்த முகவரியில் பெறுநரைக் கண்டறிய இயலவில்லை என்று உறைமேல் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. பெட்டியில் என் பெயர் இல்லாதபோது அவர் என்ன செய்வார்? அந்தப் பெயரைப் பெட்டியிலிருந்து எடுத்தவர்கள்மீதும், ஒரு குடும்பத்துக்கு ஒரே பெயர்தானே இருக்க முடியும் என்று எட்டு ஆண்டுகளாக என்னிடம் சொல்லிவரும் ஒவ்வொரு படிவத்தின்மீதும்தான் எனக்குக் கோபம்.

ஜெர்மனியில் வாழாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களின் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர் ஆகியவற்றோடு முகவரி முடிந்துவிடும். அதற்குமேல் நீங்கள் யார், எந்தப் பெட்டி உங்களுடையது என்பதை அழைப்பு மணியிலும் கடிதப் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயர்தான் சொல்ல வேண்டும். இந்த நாடோ இன்றும் காகிதக் கடிதத்தை நம்பியே இயங்குகிறது. வங்கி அட்டை ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் வேறோர் உறையிலும் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் கடிதத்தில்தான் வரும். வந்திறங்கியவர் முதன்முதலாகப் பதிவு செய்ததும் பான் நகரிலுள்ள மத்திய வரி அலுவலகம் ஒதுக்கித்தரும் பதினோரு இலக்க வரி எண்கூட அஞ்சலில்தான் வரும். நான் வந்த 2017-இல் அந்தக் கடிதமும் இப்படித்தான் திரும்பிப் போனது. எண் கைக்கு வராததால், மிக அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்த்து முதல் சம்பளத்தைக் கொடுத்தார்கள். பிடித்த பணம் பின்னால் திரும்ப வந்தது உண்மைதான், ஆனால் புது ஊரில் கையில் காசில்லாமல் கழித்த அந்த மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். கணவருடைய பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயரும், என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயரும், மகளின் பெயருக்குப் பின்னால் அவளுடைய அப்பாவின் பெயரும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட விளக்கக் கேட்காது. குடிவந்த முதல் வாரத்தில் மூன்று பெயர்களையும் கறுப்பு மையால் பெரிய எழுத்தில் ஒரு காகிதத் துண்டில் எழுதி, பெட்டியின் மூடிமேல் ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்தேன். ஓரம் பழுத்து மஞ்சளாகும்போதெல்லாம் புதிதாக எழுதி மாற்றினேன். போன மாதம் கட்டடத்தை நிர்வகிப்பவர்கள், எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, என் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரே ஒரு குடும்பப்பெயர் பொறித்த உலோகத் தகட்டைத் திருகிவைத்தார்கள். அதில் இருப்பது என் மாமனாரின் பெயர். பவானியில் ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர்; இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன; இந்த ஊரை அவர் கண்டதே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க எங்கள் வீட்டில் உயிரோடு ஒருவரும் இல்லை. ஆனால் இங்கே குடியிருப்பவர் இப்போது அவர்தான், நான் இல்லை.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஜெர்மனியில் பெரியவர்களைக் குடும்பப்பெயரோடுதான் அழைப்பார்கள். ஆணென்றால் பெயருக்கு முன்னால் 'ஹெர்' வரும். பெண்ணென்றால், திருமணம் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், 'ஃபிராவ்' வரும். என் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டதால், மருத்துவமனை வரவேற்பறையிலும், மகளின் மழலையர் பள்ளியிலும், வேலையிடத்திலும் என்னை 'ஃபிராவ்' போட்டு என் அப்பாவின் பெயரால் அழைக்கிறார்கள். என் அப்பா பள்ளி ஆசிரியர். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் அழைக்கும். என் அம்மா அவரோடு நாற்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நாளும் அவர் பெயரைத் தன் வாயால் உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் என்னைத்தான் சொல்லச் சொல்வார். அது சரியான வழக்கமா என்பது வேறு விவாதம். நான் அதைப் பின்பற்றுகிறவளும் இல்லை. ஆனால் அம்மா வாய்திறந்து சொல்லாத அந்தப் பெயரை, முன்னால் ஒரு 'திருமதி'யைச் சேர்த்து, ஒலிபெருக்கியில் கூவி, பல் வலியோடு காத்திருக்கும் என்னை எழுந்து வரச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. என் பெயர் இது, இப்படி அழையுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கணினியில் இப்படித்தான் வருகிறது என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை. அந்தப் பெயரை இந்தப் பதிவிலும் நான் எழுதப்போவதில்லை.

சிக்கலின் வேர் எங்கிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுக்காரர்கள் பலருடையதைப் போல என் இந்தியக் கடவுச்சீட்டிலும் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து அடுத்த இடத்தில் இருக்கின்றன. இங்கே ஓர் அலுவலகம் இரண்டையும் சேர்த்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்தது. இன்னோர் அலுவலகம் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது. விமானச் சீட்டு வாங்கும் இடத்தில் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொன்னார்கள். இப்படியாக, நான் ஒருத்தி இந்த நாட்டின் கணினிகளில் மூன்று பேராக உலவுகிறேன்.

போன ஆண்டு வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்க முயன்றேன். காணொளி அழைப்பில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை அங்கே இருந்தது. கடவுச்சீட்டைக் கேமராவின் முன்னால் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். பின்பு மறுபுறம் சாய்க்கச் சொன்னார்கள், சாய்த்தேன். பாதுகாப்புக் குறிகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் அந்த இளைஞர், விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் இருக்கிறது, ஆவணத்தில் இல்லை, இரண்டும் பொருந்தவில்லை என்றார். குடும்பப்பெயரை நிரப்பாமல் உங்கள் விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்கே போகாது என்று சொன்னேன். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் தனியாக அச்சாகியிருக்கிறது, அதைப் பாருங்கள் என்று புரட்டியும் காட்டினேன். அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தனக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பைத் துண்டித்துவிட்டார். கையில் திறந்தபடி இருந்த அந்தக் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் கடவுச்சீட்டுகளுக்கான விதிகளை வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆவணம், இரண்டாகப் பிரிக்க முடியாத பெயர்களுக்கு இடம் வைத்திருக்கிறது; அப்படிப்பட்ட பெயரை முழுவதுமாக முதன்மை அடையாளமாக எழுதலாம் என்பது அதன் ஏற்பாடு. விமான நிலையத்து இயந்திரத்துக்குப் புரிகிற பெயர் வங்கியின் படிவத்துக்கு மட்டும் ஏன் புரிவதில்லை?

மகள் பிறந்தபோது பட்டதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிறப்பைப் பதியும் அலுவலகத்தில் பெற்றோரின் பொதுக் குடும்பப்பெயர் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அப்படியானால் இருவரில் ஒருவருடைய குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். எங்கள் இருவருக்குமே அப்படி ஒன்று இல்லை, மகளுக்குப் பின்னால் வர வேண்டியது அவளுடைய தந்தையின் சொந்தப் பெயர் என்று விளக்கினோம். எங்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அவற்றின் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் முத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து ஓரெழுத்தாக இருக்கிறது, கடவுச்சீட்டில் அதுவே விரிந்திருக்கிறது. இருவரும் ஒருவரே என்பதற்கு ஊரில் நோட்டரியிடம் ஒரே நபர் சான்று வாங்கி அனுப்பும்படி அண்ணனை விரட்டினேன். நான்கு மாதங்கள் ஓடின. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாமல் குழந்தைக்கான அரசு உதவித்தொகை நகரவில்லை, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முடியவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. முதல் பேத்தியை அம்மா தூக்கியபோது அவளுக்குத் தவழும் வயது வந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு நன்மை நினைப்பவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்து அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக எழுதிவிடு, மகளுக்கும் உனக்கும் கணவரின் அப்பா பெயரையே போட்டுவிடு, தொல்லை தீர்ந்தது என்கிறார்கள். தொல்லை எங்கே தீரும்? கடவுச்சீட்டு மாறினால் குடியிருப்பு அட்டை, ஓய்வூதியக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், பட்டத்துக்கு வாங்கிய அங்கீகாரச் சான்று என்று அத்தனையும் மாற வேண்டும். அதையும்கூடச் செய்துவிடலாம். ஆனால் நான் ஏன் செய்ய வேண்டும்?

எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாதது மறதியால் நேர்ந்ததில்லை. பெயருக்குப் பின்னால் சாதியைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் எங்களுக்கும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக, சாதாரண மக்கள் தம் பெயரிலிருந்து அந்த வாலை வெட்டியெறிந்தார்கள். தந்தையின் பெயரில் ஓரெழுத்தும், அதன் பக்கத்தில் தனக்கென்று வைத்த பெயரும் போதும் என்று ஒரு சமூகமே பெரும்பாலும் பழகிக்கொண்டது. சாதி முற்றாகப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பெயரைப் பார்த்து என் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதில் எனக்குப் பெருமை இருக்கிறது. எவ்வளவோ பாடுபட்டு எங்கள் முன்னோர் வெறுமையாக்கி வைத்த இடம் அது. அதைச் சிவப்பு நட்சத்திரக் குறியிட்டு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று ஒரு படிவம் மிரட்டுவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

ஈழத்திலிருந்து 1983-க்குப் பின் இங்கே வந்தவர்கள் இதை எங்களுக்கு முன்னமே அனுபவித்துவிட்டார்கள். ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, எங்கட மாமனாரின்ர பேரைத்தான் பேரப்பிள்ளையளும் கொண்டு திரியினம். அவையின்ர சொந்தத் தகப்பன்ர பேர் ஒரு காகிதத்திலையும் இல்லை." அவர் அழவில்லை, கோபப்படவுமில்லை. பழகிவிட்டிருந்தார். அந்தப் பழக்கம் எனக்கு வந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறேன்.

வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மலேசியாவில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்தை நடுவில் வைத்துத் தமிழர்களின் பெயரை அடையாள அட்டையில் அப்படியே எழுதுகிறார்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தொலைபேசிக் கையேட்டில்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் ஆட்களை அடுக்கினார்கள். இவ்வளவு ஏன், 2025 மே 1 முதல் ஜெர்மனியிலேயே பெயர்ச் சட்டம் மாறியிருக்கிறது. வடக்கே வாழும் ஃப்ரீசியச் சிறுபான்மையினர் தம் மரபுப்படி, தாய் அல்லது தந்தையின் சொந்தப் பெயரிலிருந்து பிள்ளைக்குப் பின்பெயர் அமைக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மகிழ்ச்சியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு முழு நிறைவு. ஆனால், எங்கள் வழக்கத்தைப் பதிவு அலுவலகத்தில் விளக்கியபோது, அப்படியொரு முறை உலகில் இருக்க முடியாது என்பதுபோல் அல்லவா எங்களைப் பார்த்தார்கள்!

வந்த நாட்டின் ஒழுங்குக்கு உட்பட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மொழியைக் கற்றுத் தேர்வெழுதினேன். சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. குப்பையை வகை பிரிக்கிறேன், வரி கட்டுகிறேன். நான் கேட்பது, குடும்பப்பெயர் இல்லை என்று குறிக்க ஒரு சிறு கட்டமும், பெட்டியின்மேல் விரலளவு இடமும்தான்.

கட்டட நிர்வாகிகளுக்கு நேற்று இரவு எழுதிவிட்டேன். எழுத்துப்பூர்வமாக, பதிவுத் தபாலில், மூன்று பெயர்களையும் குறிப்பிட்டு, மூன்றும் தகட்டில் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கூடுதல் தகட்டுக்கு ஆகும் செலவை நானே தருகிறேன் என்றும் சேர்த்திருக்கிறேன். பதில் வரும்வரை உலோகத் தகட்டுக்குக் கீழே பழையபடி என் காகிதத் துண்டு இருக்கும். இந்த முறை மகள் எழுதினாள். அவளுக்கு இப்போது ஆறு வயது. என் பெயரை மேலேயும், அவளுடையதை நடுவிலும், அப்பாவுடையதைக் கீழேயும் எழுதி, ஒட்டுநாடாவைத் தன் கையாலேயே அழுத்தித் தேய்த்தாள்.