பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைக்குக் காலையில் பர்கர் செய்து கொடுங்கள்

காலைச் சாப்பாட்டுக்குப் பர்கர் கொடுக்கலாம் என்று சொன்னாலே நம் பக்கத்தில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. கடைப் பண்டம், மைதா, பிள்ளைகளைக் கெடுக்கிற பழக்கம் என்று அடுக்குவார்கள். கொடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். அதுவும் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது கொடுக்க வேண்டும். கடையில் வாங்கி அல்ல. நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லில், நம் கறிக்கடைக் கொத்துக்கறியில், மேலே ஒரு முட்டையும் வைத்து.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். காலைப் பிரேயரில் கண் இருட்டி உட்காருகிற பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. “காலையில என்னட்டி சாப்ட்ட?” என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: “டீ குடிச்சேன் டீச்சர்.” கூட இரண்டு பிஸ்கட் இருந்தால் அதிகம். முக்கூடல், சேரன்மகாதேவி பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்துக்கு இட்லி வெந்திருக்காது. வெந்திருந்தாலும் உட்கார்ந்து பிட்டுச் சாப்பிடப் பொழுதில்லை. அம்மா தட்டோடு வாசல் வரைக்கும் பின்னால் வருவாள், பிள்ளை ஒரு வாய் வாங்கிக்கொண்டு ஓடும்.

இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேல். வகுப்பில் நின்று பார்க்கும்போது அந்த எண்ணிக்கை எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருநாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் வருகிற பிள்ளைக்கு அதை விழுங்கினால் குமட்டும். அப்புறம் அடுத்த வாரம் மாத்திரை என்றாலே ஒளிந்துகொள்ளும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது மனசார சந்தோஷப்பட்டேன், இப்போதும் அது அருமையான திட்டம்தான். ஆனால் அது ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தொடங்கி, உடம்புக்கு அதிகம் தேவைப்படுகிற வயது அதற்கு அப்புறம்தானே வருகிறது? அந்த வயதில் காலைச் சாப்பாடு வீட்டுப் பொறுப்பு ஆகிவிடுகிறது, வீட்டில் அதற்கு நேரமில்லை.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பெண் பிள்ளை பெரிய மனுஷி ஆனால் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். வளர்கிற உடம்புக்குக் கனமாகச் சாப்பாடு வேண்டும் என்ற அறிவு அது. அந்த அறிவைத்தான் நான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். களியை விடச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கிண்டுங்கள். ஆறரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை கையில் களியைக் கொடுக்க முடியாது. பர்கரைக் கொடுக்கலாம். தாளில் சுற்றிக் கையில் கொடுத்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தின்று முடித்துவிடும்.

எங்கள் வீட்டில் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். கொத்துக்கறியை மேலப்பாளையத்தில் வாங்குகிறேன். கால் கிலோ தொடைக்கறி, அதோடு கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தச் சொல்வேன். வெறும் தொடைக்கறி கல்லில் போட்டால் சக்கையாகிவிடும். இன்னொன்றும் கேட்டு வாங்குவேன்: சுவரொட்டி. ரத்தம் குறைவான பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடு என்று நம் ஆச்சிமார் சும்மா சொல்லவில்லை. ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்புச்சத்து நிறைய உண்டு, கறியிலிருந்து கிடைக்கிற இரும்பைப் பருப்பு, கீரையில் உள்ளதைவிட உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் தனியாக வறுத்து வைத்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொடுவதில்லை. மஞ்சள் போட்ட வெந்நீரில் ஒரு கொதி விட்டு, பொடியாக அரிந்து, கொத்துக்கறியில் நாலில் ஒரு பங்கு கலந்துவிட்டால் வாசனையே தெரியாது. என் மகள் அப்படித்தான் சாப்பிடுகிறாள். உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும், ஆனால் பிடித்தே சாப்பிடுகிறாள்.

கறியைக் கொத்துவதற்கு முன்னாலேயே கழுவிவிட வேண்டும். கொத்தின பிறகு அலசினால் தண்ணீர் உள்ளே இறங்கி, கல்லில் வறுபடாமல் அவிந்துபோகும். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பொடியாக நறுக்கி, இடித்த மிளகும் சோம்பும் சேர்த்து, கை படாத குறையாகப் பிசைய வேண்டும். உப்பு இப்போது வேண்டாம். உப்பைப் போட்டுப் பிசைந்தால் கறியிலுள்ள புரதம் கரைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், கடித்தால் இறுகலாக இருக்கும். பன்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத் தட்டுங்கள், வேகும்போது சுருங்கும். நடுவில் கட்டை விரலால் ஒரு குழி அமுக்கிவிட்டால் வெந்ததும் மேடாக உப்பாமல் தட்டையாக இருக்கும், முட்டையும் வழுக்காமல் உட்காரும். இதெல்லாம் முந்தின இரவு வேலை. எண்ணெய் தடவின வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே அடுக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் கால் மணி நேரம் போதும்.

காலையில் தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, தட்டி வைத்ததின் இரண்டு பக்கமும் அப்போது உப்புத் தூவிப் போடுங்கள். சர்ரென்று சத்தம் வர வேண்டும். தோசைக் கரண்டியால் அமுக்க ஆசையாக இருக்கும், அமுக்கக் கூடாது. அமுக்கினால் சாறு முழுவதும் கல்லுக்குப் போய்விடும். அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக முறுகித் தானாகக் கல்லை விட்டு வரும்போது ஒரே தடவை திருப்பி, தணலைக் குறைத்துவிடுங்கள். கொத்துக்கறி என்பதால் உள்ளே சிவப்பு இருக்கவே கூடாது, கசிகிற சாறு தெளிவாக வருகிற வரைக்கும் வேக வேண்டும். அது எடுத்த கல்லிலேயே, அந்தக் கொழுப்பிலேயே முட்டை. ஆஃப்பாயில் ருசிதான், ஆனால் பிள்ளைக்கு மஞ்சள் கரு முழுதாக வெந்தது நல்லது, வெள்ளை யூனிஃபார்மில் வழியவும் செய்யாது. கடைசியாகப் பன்னை இரண்டாக வெட்டி, உட்பக்கத்தைக் கல்லில் தேய்த்துச் சிவக்க எடுத்தால் சாறு பட்டு நைந்துபோகாது. டீக்கடை இனிப்பு பன்னும் போதும், மிளகுக் காரத்துக்கு அந்த லேசான இனிப்பு நன்றாகவே இருக்கிறது.

மயோனைஸ் தடவாதீர்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததே சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். பன்னில் தடவ நம்மிடம் எள்ளு வறுத்துப் போட்ட இட்லிப்பொடி இருக்கிறது, நல்லெண்ணெய் இருக்கிறது. குழைத்துத் தடவுங்கள். அதற்கு மேல் ஒரு சாஸ் இந்தப் பர்கருக்கு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. வட்டமாக அரிந்த தக்காளி, எலுமிச்சம்பழம் பிழிந்த வெங்காயம் வையுங்கள். எலுமிச்சையை விட்டுவிட வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

சைவ வீடுகளில் கருப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு அவித்து, உருளைக்கிழங்கோடு மசித்து, பொரிகடலை மாவு கொஞ்சம் சேர்த்துத் தட்டலாம். எலுமிச்சை அதற்குத்தான் இன்னும் அவசியம்.

மைதா என்ற குறையை நான் மறுக்கவில்லை. கோதுமை பன் கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வருகிற வீட்டில் காலை பன்னுக்கு மட்டும் மைதாக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. இங்கே பன் ஒரு உறைதான், சாப்பாடு உள்ளே இருக்கிறது. எங்கள் அத்தை முதலில், “ஏளா, பச்சப்புள்ளைக்குக் காலங்காத்தால கறியா?” என்று கேட்டார்கள். பிள்ளை பத்தரை மணிக்குப் பசிக்கிறது என்று சொல்வது நின்றுபோனதைப் பார்த்த பிறகு, இப்போது வெங்காயம் அரிந்து தருவதே அவர்கள்தான்.

ரத்தசோகை என்று தெரிந்துவிட்டால் டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். பர்கர் மருந்து இல்லை. அந்த மாத்திரையை விழுங்குகிற வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டுமே என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கூடவே டீ கொடுத்துவிடாதீர்கள். டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீ இல்லாமல் ஆகாது என்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள், அல்லது சாயங்காலம் வீடு திரும்பினதும் கொடுங்கள். சுவரொட்டி ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், கடை திறந்ததும் போனால்தான் கிடைக்கும். முந்தின நாளே கறிக்கடை பாயிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைத்துக் கொடுப்பார்.