சிவா கேசவனுக்குப் பின்னால் ஏன் யாரும் வரவில்லை?

1998, ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக். லூஜ் பந்தயத்தில் இந்தியா சார்பில் இறங்கிய பையனுக்கு வயது 16. மணாலிக்குப் பக்கத்தில் வசிஷ்ட் கிராமம். பெயர் சிவா கேசவன். கிடைத்தது 28-வது இடம்.

"28-ஆவதா வந்தான்?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. லூஜ் விளையாட்டில் ஒரு சின்னச் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, பனிப்பாதையில் சறுக்க வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியின் சட்டத்தை அழுத்தி, தோளைச் சாய்த்துத்தான் வளைவைத் திருப்ப முடியும். வேகம் மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று தடுத்து நேரம் போய்விடும், அதனால் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2010 வான்கூவரில் ஜார்ஜியா வீரர் நோடார் குமாரிதாஷ்விலி, 21 வயது, பயிற்சியின்போதே தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். அந்த ஒலிம்பிக்கில் சிவாவும் இறங்கினார்.

ஜெர்மனியில் மட்டும் இப்படி நான்கு செயற்கைப் பாதைகள் கட்டினார்கள். நம்மிடம் ஒன்றுகூட இல்லை. வண்டிக்குச் சக்கரம் மாட்டி, மலைச்சாலையில் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே ஓட்டித்தான் இவர் பழகினார். செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். 2011-இல் ஆசியக் கோப்பைத் தங்கம். 2018 வரை ஆறு ஒலிம்பிக்.

இந்தக் கதையைக் கேட்டதும் 'தனி ஒருவன்' என்று புல்லரித்துப் பகிர்ந்துவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு உறுத்துவது வேறு. லூஜில் இருபது வருஷம் ஒரே ஆள். 2022 பெய்ஜிங்கில் இந்தியா சார்பில் போனவர் ஆரிஃப் கான் ஒருவர்தான், அவரும் பனிச்சறுக்கு (ஸ்கீயிங்) வீரர். லூஜில் யாருமே இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று பிரக்ஞானந்தா, 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் என்று வரிசையாக வருகிறார்கள். நம்ம ஊர்த் தண்ணீரில் மூளை கலந்திருக்கிறது என்பதாலா? ஆனந்த் போய் ஆட அன்றே டால் செஸ் கிளப் இருந்தது. பிறகு பயிற்சியாளர்கள் பெருகினார்கள், வாரக் கடைசிதோறும் போட்டிகள் நடந்தன, லீவு கொடுக்கப் பள்ளிகள் முன்வந்தன. சிவாவுக்குப் பின்னால் இதில் எதுவும் அமையவில்லை.

சென்னையில் பனி இல்லைதான், சக்கரம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் நம்ம ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவில் 1,000 மீட்டர் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆனார். ஒரு வாரம் கொண்டாடினோம். என் மகள் ஸ்கேட்டிங் ஓட்டும் ரிங்க்குக்குக் காலையில் ஒருநாள் வந்து பாருங்கள். அம்மாக்கள் படியில் உட்கார்ந்து ஆலன் கீயால் வீல்களைக் கழற்றுவார்கள். உள்பக்கம் தேய்ந்த வீலை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். புது செட் வாங்குவதென்றால் வீட்டில் பட்ஜெட் போட வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு உதவி எப்போது வருகிறது? பிள்ளை பதக்கத்தோடு விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு.

அதற்கு முன்பே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று காணோம். அவள் அம்மாவைக் கேட்டேன். "பத்தாவது வந்துடுச்சுங்க. போட்டிக்குப் போன நாளையெல்லாம் ஸ்கூல்ல ஆப்சென்ட் போட்டுட்டாங்க, அவங்கப்பா போதும்னுட்டார்." எங்கள் ரிங்க்கில் வளைவை அவள் எடுக்கும் அழகை நின்று வேடிக்கை பார்ப்போம். அந்த வயதில்தான் சிவா நாகானோவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

அரசு ஊக்கத்தொகையை அறிவிக்கட்டும், சந்தோஷம். அதில் ஒரு பங்கை மாவட்டப் போட்டிக்கு வரும் 12, 13 வயதுப் பிள்ளைகளின் வீலுக்கும் ஹெல்மெட்டுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் ஒதுக்கச் சொல்கிறேன். போட்டி நாளுக்கு வருகைப் பதிவு தர வேண்டும் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் உத்தரவு போகட்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால், விண்ணப்பம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் காட்ட வேண்டும்.